பேக்கரிக்காரியின் கோணல் தையல்

அவள் கையில் எந்நேரமும் ஓர் ஊசி இருக்கும். காலையில் என்றால் ரத்தம் எடுக்கிற ஊசி, பிற்பகலில் என்றால் துணி தைக்கிற ஊசி. நகரத்து நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, "அந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எடுத்துவிடுவாள். "எடுத்தாச்சா?" என்று சந்தேகத்தோடு கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். நரம்பு பிடிபடாத பெரியவர்களும், கத்தி ஊரைக் கூட்டுகிற பிள்ளைகளைத் தூக்கி வந்த தாய்மார்களும் மற்ற மேஜை காலியாக இருந்தாலும் அவள் கை ஒழியும்வரை காத்திருப்பார்கள். அங்கே அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். அது சிநேகிதிகள் வரைக்கும் வந்து, வருகிற வழியில் அக்கா உதிர்ந்துபோய், வெறும் ஊசி ஆகிவிட்டது.

கை இத்தனை நிதானமாக இருக்கிறவளுக்கு மனசு எப்படி இந்தப் பாடு படுகிறது என்பது அவள் வீட்டுக்காரருக்கு விளங்காத சங்கதி. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நடுமாடியில் நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு கூச்சல் போடுகிறவர்களைத் தேற்றித் தேற்றி அவருக்குப் பழகிப்போயிருந்தது. இவளைத் தேற்றுவதுதான் கஷ்டம். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். யாராவது ஃபோனை எடுக்கவில்லை என்றால், அவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்று தொடங்கி, தன்மேல் என்ன கோபமோ என்று முடிப்பாள். துணியைக் கையில் எடுத்தால் மட்டும் அந்தப் பதைப்பு அடங்கும்.

வருஷத்தை அவள் மாதங்களாகப் பார்ப்பதில்லை. மடியில் என்ன துணி கிடக்கிறது என்பதுதான் அவளுக்குப் பருவம். வெயில் காலம் வந்தால் மெல்லிய பருத்தி எடுத்துத் தலையணை உறையும் ஜன்னல் திரையும் தைப்பாள். மழை பிடித்தால் உடைந்த குடைகளைத் தேடிப் போவாள். காற்றில் திருப்பிக்கொண்டு கம்பி முறிந்து, பேருந்து நிறுத்தத்தில் யாரோ கோபத்தோடு வீசிவிட்டுப் போன குடைகள். அந்தத் துணியைப் பிரித்து, கழுவி, காயவைத்து, கடைக்குக் கொண்டுபோகிற பையாகத் தைத்துவிடுவாள். "நம்ம வீட்டு வாசல்ல குடையை வைக்க எனக்கே பயமா இருக்கு" என்பார் வீட்டுக்காரர்.

குளிர் தொடங்கினால் ஒட்டுப்போர்வை. பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்து மேல்பக்கம் செய்துகொள்வாள். கீழே ஒரு முழுத்துணி, இரண்டுக்கும் நடுவில் பஞ்சு. மூன்றும் நழுவாமல் இருக்க, ஒரு ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம் வரைக்கும் சின்னச் சின்னதாகக் கையால் தையல் ஓட்ட வேண்டும். அங்கேதான் இருக்கிறது வேலையே. தனியாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ரேடியோவை யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் சன்னமாக வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக ஓட்டிக்கொண்டு போவாள். ஊசி துணிக்குள் போய் வருகிற அந்த மெல்லிய சத்தம் அவள் காதுக்கு மட்டும் கேட்கும். அப்போது யாருக்கும் அவள்மேல் கோபம் இருக்காது. எல்லாக் கதவும் பூட்டியிருக்கும்.

தனியாகத் தைப்பது ஒரு சுகம் என்றால், விடுமுறை நாள் பிற்பகலில் சிநேகிதிகளோடு சேர்ந்து தைப்பது வேறொரு சுகம். சாப்பாட்டு மேஜையின் இரண்டு பக்கப் பலகைகளையும் இழுத்துவிட்டு, போர்வையை விரித்துப்போட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்தி டீச்சர். பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். தையல் நேர்கோடாகத்தான் போகும், ஆனால் ஒரு வரிசை முடிப்பதற்குள் பழைய மாணவர்கள் யார் யாரைக் கட்டிக்கொண்டு யாரை விட்டுப் பிரிந்தார்கள் என்பது முழுவதும் சொல்லி ஆகிவிடும். இன்னொருத்தி பேக்கரிக்காரி. ஊசியின் வயசுதான். விடிவதற்கு முன்னே எழுந்து மாவு பிசைகிறவள். கணவன் இல்லை, ஒரே மகள். வரும்போது முந்தின நாள் மிஞ்சிய பன்னை ஒரு பை நிறைய எடுத்து வருவாள். "பல்லு உறுதியா இருக்கிறவங்க மட்டும் சாப்பிடுங்க" என்று மேஜையில் வைப்பாள். அவள் வந்தால் ரேடியோ தேவையில்லை.

இதில் ஒரு ரகசியம் இருந்தது. சிநேகிதிகள் வந்துபோன மறுநாள், வேலை முடிந்து வந்ததும், பேக்கரிக்காரி போட்ட தையலை மட்டும் ஊசி பிரித்துவிடுவாள். பிரித்து, பழைய துளைகள் மறையும்படி துணியை நகத்தால் நீவிவிட்டு, தன் கையால் மறுபடி தைத்துவிடுவாள்.

முதலில் அப்படி ஓர் எண்ணமே இல்லை. மூவரும் சேர்ந்து தைத்த முதல் போர்வையை மடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு தையல் அரிசி நீளம், அடுத்தது அரை விரல் நீளம். வரிசை நேராகக் கிளம்பி, பேச்சு சூடு பிடித்த இடத்தில் மேலேறி, சிரித்த இடத்தில் சறுக்கி விழுந்திருந்தது. பல் இடுக்கில் மாட்டிக்கொண்ட நார் போல அது அவளைப் படுத்தி எடுத்தது. சரி, இந்த ஒரு வரிசை மட்டும் என்று பிரித்தாள். ஒரு வரிசை பிரித்த கை சும்மா இருக்குமா? வருஷங்கள் ஓடிவிட்டன.

"வான்னு கூப்பிட்டு உட்கார வச்சுத் தைக்கச் சொல்ற, மறுநாள் பிரிக்கிற" என்பார் வீட்டுக்காரர். "அந்தம்மா பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்து பேசிட்டுப் போகட்டுமே."

"சும்மா உட்காருன்னா அவ மனசு என்ன பாடுபடும்?"

"நீ பிரிக்கிறது தெரிஞ்சா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள்.

இந்தக் குளிருக்கு எடுத்த போர்வை பேக்கரிக்காரியின் மகளுக்காக. பெண்ணுக்குத் தூரத்து ஊரில், ஒரு துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. பாதி வருஷம் பனி கொட்டுகிற ஊராம். பேக்கரிக்காரி மகளுடைய சின்ன வயசுக் கவுன்களையும் பள்ளிக்கூடப் பாவாடையையும் ஒரு மாவுப் பையில் அடைத்துக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். "வெட்டு. எனக்குக் கத்தரிக்கோல் பிடிக்க மனசு வரல" என்றாள். ஊசி வெட்டினாள். வாரா வாரம் மூவரும் தைத்தார்கள். மறுநாள்களில் ஊசி பிரித்தாள், தைத்தாள், யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக உட்கார்ந்த அன்றைக்குப் பேக்கரிக்காரி வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. ஒரு மூலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலை குனிந்து, நாக்கு நுனியைக் கடித்தபடி அந்த இடத்தையே தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, இன்னைக்கு ரேடியோ ஸ்டேஷன் எடுக்கலையா?" என்றார் டீச்சர்.

"பேட்டரி தீர்ந்துடுச்சு டீச்சர்."

"பொண்ணு ஊருக்குப் போறான்னு கவலையா?"

"அவ போறா. நான் எதுக்குக் கவலைப்படணும், குளிர் அவளுக்குத்தானே" என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

மறுநாள் பிற்பகல் ஊசி அந்த மூலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். வழக்கத்தைவிடத் தையல் பொடிப்பொடியாக இருந்தது. பாவம், கவனம் எடுத்துத்தான் தைத்திருக்கிறாள். ஆனாலும் கோணல் கோணல்தான். இப்படியே விட்டால் துவைக்கிறபோது பஞ்சு ஒதுங்கிக் கட்டி தட்டிப்போகும், போகிற இடத்தில் பெண்ணுக்குக் குளிரும். இந்த நியாயத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். பொடித் தையல் என்பதால் லேசில் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கெல்லி எடுத்து, நீவி, நேராகத் தைத்து முடித்து, போர்வையைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அப்போதுதான் ஃபோன் அடித்தது.

"ஊசி, நாளைக்கு நீ வேலை முடிஞ்சு வந்ததும் நானும் மகளும் வர்றோம்" என்றாள் பேக்கரிக்காரி. "போர்வையை எடுத்துக்கிறோம். அந்த மூலையில தைச்சேனே, பாத்தியா?"

"ம், பாத்தேன்."

"நல்லா வரலதான். வராட்டிப் போகுது. புள்ளைகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அங்க போய்த் தூக்கம் வரலைன்னா அந்த மூலையைத் தடவிப் பாரு, கையில கோணலா எது தட்டுப்படுதோ அதுதான் உங்கம்மான்னு. கேட்டுட்டுச் சிரிக்கிறா கழுதை."

ஊசி ஏதோ சொல்லி ஃபோனை வைத்தாள். வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அவள் மூலையைக் காட்டினாள். "சொன்னேன்ல" என்று சொல்லாமல் விட்டது, அவர் செய்த பெரிய உபகாரம்.

நேராகத் தைத்ததைப் பிரித்துவிட்டு, கோணலாகத் தைத்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். கேட்க எளிது. தைத்துப் பார்த்தால் கை கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாள், நேராக வந்தது. இடக்கையால் தைத்தாள், மெதுவாக நேராக வந்தது. "இங்க குடு" என்று வீட்டுக்காரர் வாங்கி, லிஃப்ட் கம்பியைக் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டியதில் துணி சுருங்கி, மூலை தயிர்ச்சட்டி மூடியைப் போல எழுந்து நின்றது. அதையும் பிரித்தாள். வேறு வழியில்லாமல் டீச்சருக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

டீச்சர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "முதல்ல ஒண்ணு சொல்லு. என் தையலைப் பிரிச்சிருக்கியா?"

"இல்ல டீச்சர்."

"நிஜமா?"

"ஒரே ஒரு தடவை. அதுவும் நூல் நிறம் மாறிப்போச்சுன்னு."

"அதை அப்புறம் பேசிக்கலாம். அவ போட்ட தையலுக்கு மாதிரி வேணும், அவ்வளவுதானே? எனக்கு ஒரு கைப்பிடித் துணி தைச்சுக் குடுத்தா, சூடான பாத்திரம் பிடிக்க. இருக்கு. கொண்டு வர்றேன். ஆனா ஒண்ணு, அவகிட்ட நேரா சொல்லிடுறதுதான் நல்லது."

"சொன்னா அப்புறம் இந்தப் படி ஏற மாட்டா டீச்சர்."

"அது உன் பாடு" என்று வைத்துவிட்டார்.

டீச்சர் கொண்டுவந்து கொடுத்த, கரி படிந்த அந்தத் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊசி மறுபடி உட்கார்ந்தாள். ஒரு தையல் சின்னது, ஒரு தையல் பெரிது, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. முடித்துவிட்டுப் பார்த்தாள். கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. அவளுக்குப் பேக்கரிக்காரி இல்லாத ஒரு விடுமுறைப் பிற்பகலை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மேஜைப் பலகையை இழுத்துவிடாத வீடு.

மறுநாள் பரிசோதனை நிலையத்தில் ஊசியக்கா முதன்முறையாக ஒருவருக்கு இரண்டு தடவை குத்தினாள். "உடம்பு சரியில்லையாம்மா?" என்று குத்து வாங்கியவர்தான் கேட்டார்.

அம்மாவும் மகளும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பெண் போர்வையை சோபா முழுக்க விரித்து, தன் பழைய கவுன்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடித்தாள். "அத்தை, இது நான் மை கொட்டினது. இந்தப் பாவாடையை நான் தொலைச்சுட்டேன்னு அம்மா அடிச்சாங்க, பாருங்க, வீட்லயேதான் இருந்திருக்கு." பிறகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போய் அந்த மூலைக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். "ஆமாம்மா. கோணலாத்தான் இருக்கு."

டீ தட்டோடு நின்றிருந்த ஊசிக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் பேக்கரிக்காரி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எங்க, காட்டு" என்று மூலையை வாங்கினாள். மாவு பிசைகிற கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள்.

"யாருடி இதைத் தைச்சது?"

"நீதான்…" என்றாள் ஊசி.

"நானா? நான் தப்பு பண்ணினா ஒவ்வொரு தடவையும் வேற தப்பு பண்ணுவேன். இங்க பாரு, சின்னது, பெருசு, மேல, கீழ, திரும்பச் சின்னது, பெருசு, மேல, கீழ. கோணலை இவ்வளவு ஒழுங்காத் தைக்க இந்த ஊர்லயே ஒருத்தியாலதான் முடியும்."

ஊசி தட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "பிரிச்சுட்டேன்" என்றாள். "நீ ஃபோன் பண்றதுக்கு முன்னாலயே பிரிச்சுட்டேன். இது மட்டும் இல்ல, இத்தனை வருஷமா நீ தைச்சது எல்லாத்தையும்…"

"தெரியும்."

"எது தெரியும்?"

"எல்லாம் தெரியும். முதல் போர்வையிலேயே தெரியும். நான் முடிச்சை மொச்சைக்கொட்டை மாதிரி வெளியில விடுவேன். அடுத்த வாரம் வந்து பாத்தா ஒரு முடிச்சையும் காணோம். போர்வைக்கு எலியா வந்திருக்கும்?" பேக்கரிக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப கொஞ்ச நாள் நான் வரல, ஞாபகம் இருக்கா?"

"காய்ச்சல்னு சொன்னே."

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரோஷம். வீட்லயே உட்கார்ந்து பாத்தேன். காலையில மாவோட பேசணும், மத்தியானம் சுவரோட பேசணும். தையல் போனாப் போகட்டும், பேச்சை விட முடியாதுன்னு வந்துட்டேன். அப்புறம் பிரிக்கிறவளுக்கு எதுக்குச் சிரமம்னு பெருசு பெருசாப் போட ஆரம்பிச்சேன். வருஷா வருஷம் என் தையல் பெருசாகிட்டே வந்துச்சே, நீ கவனிக்கல?"

கவனித்திருந்தாள். சிநேகிதிக்குக் கண் மங்குகிறது என்று பயந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போயிருந்தாள். பார்வையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று அடம் பிடித்ததும் அவள்தான். அது நினைவுக்கு வந்ததும் ஊசிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, நெஞ்சில் இத்தனை வருஷமாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போனதுபோல் மூச்சு தாராளமாக வந்தது.

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ பிரிக்கிறதை நிறுத்திடுவே. அப்புறம் என் கோணலை அந்த மேஜையில பாத்துப் பாத்து உனக்கு ரத்தக் கொதிப்பு வரும். இந்த ஒரு மூலையை மட்டும் நீ தொடக்கூடாதுன்னு இருந்துச்சு. அதுக்குத்தான் பொடிப்பொடியாப் போட்டேன், பிரிக்கக் கஷ்டமா இருக்கட்டும்னு. அதையும் பிரிச்சிருக்கியே, ராட்சசி."

"கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றாள் ஊசி.

பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப என்ன பண்றது? எனக்கு நாளைக்கு ரயிலு."

ஊசி எழுந்து சின்னக் கத்தியை எடுத்து வந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக, எல்லோரும் பார்க்க, அந்த மூலையைப் பிரித்தாள். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஊசியில் நூலைக் கோத்து பேக்கரிக்காரியிடம் நீட்டினாள். பேக்கரிக்காரி மூலையை மடியில் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். முதல் தையல் அரிசி. அடுத்தது விரல். மூன்றாவது எங்கேயோ கிளம்பிப் போயிற்று. ஊசிக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், ஆறிப்போன டீயை எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தார்.

பேக்கரிக்காரி கடைசியில் ஒரு முடிச்சைப் போட்டு, பல்லால் நூலைக் கடித்து, மூலையை நீட்டினாள். "எப்படி இருக்கு?"

"சகிக்கல" என்றாள் ஊசி.

"நல்லது" என்றாள் பேக்கரிக்காரி, மனசு நிறைந்து. மகள் அந்த மூலை வெளியே தெரியும்படி போர்வையை மடித்துக் கட்டினாள்.

படி இறங்கும்போது பேக்கரிக்காரி மகளை முன்னால் போகவிட்டு நின்றாள். "அடுத்த வாரம் என்ன எடுக்கிறோம்?"

"உனக்கு ஒரு போர்வை. வீட்ல இனிமே தனியாத்தானே இருக்கப் போற."

"சரி. நான் பெருசாவே போடுறேன்." கொஞ்சம் தயங்கினாள். "நீ பிரிக்கிற அன்னைக்கும் நான் வந்து உட்கார்ந்துக்கட்டுமா? மறுநாளும் மத்தியானம் எனக்குச் சும்மாதான் போகும்."

"வாயேன். வரும்போது இந்த மாதிரி சின்னக் கத்தி ஒண்ணு வாங்கிட்டு வா. ரெண்டு பேரா பிரிச்சா சீக்கிரம் முடியும்" என்றாள் ஊசி.